ஸ்பென்சரைக் காலி பண்ணியது எக்ஸ்பிரஸ் அவென்யூவா?

3 பிப்ரவரி 2024, மாலை 6.15 (கேள்வி)

ஒரு வேலையாகச் சென்னை மவுண்ட் ரோடு (அண்ணா சாலை) போனபோது ஸ்பென்சர் பிளாசா என்ற பழைய வணிக வளாகத்துக்குள் எட்டிப் பார்த்தேன். வரிசை வரிசையாக ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்த இடம். பக்கத்தில் எக்ஸ்பிரஸ் அவென்யூ என்ற பெரிய மால் திறந்த அன்றே இதன் கதை முடிந்துவிட்டது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டா?

3 பிப்ரவரி, இரவு 9.50 (பதில்; இனி வருவதெல்லாம் நான் எழுதியவை)

நான் மறுக்கிறேன். 1998 முதல் 2001 வரை ஸ்பென்சரின் முதல் பகுதியான ஃபேஸ் ஒன்னில் ஒரு சட்டைக் கடையில் நின்றவன் நான். நின்றவன் என்றால் நிஜமாகவே நின்றவன். கடையில் இருந்த ஒரே ஸ்டூல் முதலாளிக்கு.

எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் சட்டைகள் விற்றோம். நூற்றிருபது சதுர அடி. சம்பளம் மாதம் 1,800, விற்பனைக்குக் கொஞ்சம் கமிஷன். எங்களிடம் வந்த ஆள் எக்ஸ்பிரஸ் அவென்யூவுக்கு ஓடிப்போகிற ஆள் இல்லை. அவர் கையில் இருநூறு ரூபாய் வைத்துக்கொண்டு அறுநூறு ரூபாய்ச் சட்டை கேட்பவர். எக்ஸ்பிரஸ் அவென்யூ 2008இல் வந்தபோது எங்கள் கடை ஏற்கெனவே இளைத்திருந்தது. கொலையாளி வருவதற்கு முன்பே ஆள் படுக்கையில்.

3 பிப்ரவரி, இரவு 10.40

இரண்டு திருத்தம். எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்தது 2010. நான் சொன்ன 2008, உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் மூடிய வருஷம். இரண்டும் எனக்கு ஒரே துக்கமாகச் சேர்ந்து கிடக்கிறது போல.

இரண்டாவது, சேரும்போது சம்பளம் 1,400தான். 1,800 ஆனது இரண்டாம் வருஷம். தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த மனைவி, "பொண்ணு பார்க்க வந்தப்பவும் இப்படித்தான் ஏத்திச் சொன்னீங்க" என்கிறாள்.

4 பிப்ரவரி, காலை 7.30

நான் குரோம்பேட்டைக்காரன். எங்களுக்கு மவுண்ட் ரோடு என்பது "டவுன்". ஸ்பென்சரை முதலில் பார்த்தது 1993இல், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு. அம்மா, நான், தங்கை. 18ஏ பஸ். உள்ளே போனதும் முகத்தில் அடித்த அந்தக் குளிர் காற்று இன்னும் நினைவில் இருக்கிறது. அதுவரை எனக்குத் தெரிந்த ஏசி, தியேட்டரும் ஒரு பல் டாக்டரும்தான்.

எஸ்கலேட்டர் முன்னால் அம்மா நின்றுவிட்டாள். துணி துவைக்கிறபோது செருகுவது மாதிரி புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, தங்கை கையைப் பிடித்து, கண்ணை மூடி ஏறினாள். மேலே போய்ச் சேர்ந்ததும் ரொம்பப் பெருமை. இறங்கும்போதுதான் வினை. "ஏறியாச்சு, அதுல இறங்க மாட்டேன்" என்றாள். படிக்கட்டைத் தேடி அலைந்து, நாங்கள் நுழைந்த வாசல் வேறு, வெளியே வந்த வாசல் வேறு. மவுண்ட் ரோடு பஸ் ஸ்டாப்பைத் தேடிப் பட்டுலாஸ் ரோட்டில் நின்றோம்.

அன்று வாங்கியது ஒன்றுமில்லை. வாங்காமலே ஒரு பகல் முழுக்க உள்ளே இருக்கலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள் என்பதுதான் பெரிய அதிசயம்.

4 பிப்ரவரி, மதியம்

"இந்தியாவின் முதல் மால்" என்று யாரோ எழுதியதற்கு இன்னொருவர், முதல் மால் மும்பை கிராஸ்ரோட்ஸ் என்கிறார். சண்டை வேண்டாம். கிராஸ்ரோட்ஸும் டெல்லி அன்சல் பிளாசாவும் 1999. இப்போதைய ஸ்பென்சர் பிளாசா மக்களுக்குத் திறந்தது 1991. தேதிப்படி நாம்தான் முந்தி. ஆனால் இன்றைக்கு மால் என்று சொல்கிற பொருளில் ஸ்பென்சர் மாலே இல்லை, ஏசி போட்ட பஜார் என்று ஒருவர் வாதாடினால் நான் எதிர்க்க மாட்டேன். அங்கே வேலை பார்த்த நாங்களும் மால் என்று சொன்னதில்லை. "காம்ப்ளக்ஸ்" என்றுதான் சொல்வோம்.

கிராஸ்ரோட்ஸில் ஆரம்பத்தில் ஒரு விதி இருந்தது. செல்போனோ கிரெடிட் கார்டோ இல்லாதவர் நுழைய வேண்டுமானால் கட்டணம். வேடிக்கை பார்க்க வருகிற கூட்டத்தை வடிகட்டுவதற்காம். அந்த விதி ஸ்பென்சரில் இருந்திருந்தால் என் அம்மா வாசலோடு சரி. நானும்தான், 2001 வரை எனக்குச் செல்போன் கிடையாது.

4 பிப்ரவரி, இரவு

பழைய ஸ்பென்சர் பற்றிக் கேட்டவருக்கு: நான் பார்த்ததில்லை. தாத்தா பார்த்திருக்கிறார். ரயில்வேயில் இருந்தவர். கம்பெனி தொடங்கியது 1863 வாக்கில். மவுண்ட் ரோட்டில் அந்தப் பெரிய சிவப்புக் கட்டடம் 1895இல் வந்தது, இந்தோ-சாரசெனிக் பாணி, வரைந்தவர் போக்சன். 80க்கும் மேற்பட்ட பிரிவுகள். ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகள், சோடா, திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை, பக்கத்தில் கன்னிமாரா ஹோட்டல் என்று கடல் மாதிரி விரிந்த நிறுவனம். 1983இல் கட்டடம் தீயில் போனது. அந்த இடத்தில்தான், ஏறக்குறைய பத்து ஏக்கரில், நம்முடைய காம்ப்ளக்ஸ்.

நான் வேலையில் சேர்ந்த அன்று தாத்தாவிடம் சொன்னேன், "ஸ்பென்சரில் வேலை" என்று. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கடைக்குள் வந்து பார்த்த பிறகு, "இது ஸ்பென்சர் இல்லடா, மூர் மார்க்கெட்டை மாடி மேல ஏத்தி வச்சிருக்கான்" என்றார் (மூர் மார்க்கெட், சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பழைய சந்தை). நான் எந்த ஸ்பென்சருக்காக ஏங்குகிறேனோ அதுவே அவருக்குச் சீரழிவு. இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

7 பிப்ரவரி

வேலை அதிகம், இப்போதுதான் உட்கார்ந்தேன். சட்டை மடிப்பது பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. யாரும் கேட்காத கேள்வி.

சர்ப்ளஸ் சரக்கு மூட்டையில்தான் வரும். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துப் பக்கமிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வரும். வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்து, மிஞ்சியது, நிறம் தவறியது, தையல் ஒரு நூல் விலகியது. கழுத்துப் பட்டியில் இருக்கிற பிராண்ட் லேபிளைப் பாதியாகக் கத்தரித்திருப்பார்கள். அந்தப் பாதி லேபிள்தான் எங்கள் மூலதனம்! மீதி எழுத்தை வாடிக்கையாளர் தானே நிரப்பிக்கொள்வார்.

மூட்டையைப் பிரித்து, இஸ்திரி போட்டு, மேசையில் குப்புறப் போட வேண்டும். முதுகில் அட்டை. கைகளை அட்டைக்கு மேல் குறுக்கே மடித்து இரண்டு குண்டூசி. கீழ்ப்பகுதியை மூன்றாக மடித்துத் தூக்கி இன்னும் இரண்டு. திருப்பிப் போட்டு, காலருக்குள் வளைந்த பிளாஸ்டிக் பட்டை, மேல் பொத்தானுக்கு அடியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு. அதற்குப் பெயர் பட்டாம்பூச்சி. அதைச் செருகினால்தான் காலர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். பாரிமுனையில் கிலோ கணக்கில் வாங்கி வருவேன். முதல் மாதம் ஒரு சட்டைக்கு ஏழு நிமிஷம். கடைசியில் ஒன்றரை. விரல் நுனியில் குண்டூசி குத்திய பொட்டுகள் எப்போதும் இருக்கும்.

மூட்டையில் எண்பது ரூபாய்த் துணியாகக் கிடந்தது, பட்டாம்பூச்சி ஏறியதும் அறுநூற்றைம்பது ரூபாய்ச் சட்டை.

7 பிப்ரவரி, ஒரு மணி நேரம் கழித்து

"அப்போ ஏமாற்றினீர்கள்" என்கிறார்கள். அறுநூற்றைம்பது சொல்லி இருநூற்றிருபத்தைந்துக்குக் கொடுத்தோம். அதற்குப் பெயர் ஏமாற்றா, பேரமா?

பேரத்துக்கு ஒரு நடை இருந்தது. வாடிக்கையாளர் விலை கேட்பார், சிரிப்பார், இருநூறு என்பார், நாங்கள் சட்டையை மடித்து வைப்போம், அவர் கிளம்புவார். இரண்டு கடை தாண்டும்வரை விட வேண்டும். மூன்றாவது கடை வாசலை மிதித்துவிட்டால் அந்தக் கடைப் பையன் பிடித்துக்கொள்வான். ஆக, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் "சார், வாங்க, போணி டைம்" என்று கூப்பிட வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கும் எங்களுக்குப் போணி டைம்தான்.

8 பிப்ரவரி, காலை

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ரொம்பவும் சாமர்த்தியமாக எழுதிவிட்டேன். எல்லோரும் பேரம் பேசவில்லை. ஒரு பெரியவர், மகன் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தவர், நான் சொன்ன அறுநூற்றைம்பதை அப்படியே எண்ணிக் கொடுத்தார். இரண்டு சட்டைக்கு ஆயிரத்து முன்னூறு. நான் வாங்கிக் கல்லாவில் போட்டேன். முதலாளி தொழுகைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பில் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அன்று ராத்திரி கமிஷன் கொடுக்கும்போது மட்டும், "தம்பி, கேட்காதவன்கிட்ட நாமளா கொறைக்கணும்" என்றார். எனக்கு அது அப்போது புரியவில்லை, முட்டாள்தனமாகப் பட்டது.

8 பிப்ரவரி, இரவு

முதலாளியைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். வளைகுடாவில் பன்னிரண்டு வருஷம் உழைத்துச் சேர்த்த பணத்தில் அந்தக் கடையை வாங்கினார். வாடகைக்கு இல்லை, சொந்தமாக. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

நோன்பு மாதத்தில் மவுண்ட் ரோடு மக்கா மசூதியிலிருந்து கஞ்சி வாங்கி வருவது என் வேலை. தூக்குவாளியில் கொண்டு வந்து, பாய், நான், எதிர்க் கடைக் காஷ்மீர்க்காரர் மூன்று பேரும் கடைக்குள்ளேயே குடிப்போம். நான் நோன்பு வைக்காதவன், ஆனால் பசி அவர்களைவிட எனக்குத்தான் அதிகம். காஷ்மீர்க்காரர் சால்வையும் காகிதக் கூழ்ப் பெட்டிகளும் விற்றவர். வெள்ளைக்காரர்களிடம் ஆறு மொழியில் ஒன்று முதல் நூறு வரை சொல்வார். ஆறு மொழியிலும் வேறு ஒரு வார்த்தை தெரியாது.

11 பிப்ரவரி

ஸ்பென்சரில் இருந்த மியூசிக் வேர்ல்ட் பாட்டுக் கடையை ஏன் விட்டேன் என்று திட்டு வந்திருக்கிறது. விடவில்லை. சம்பள நாளைத் தவிர அங்கே எனக்கு வாங்குகிற சக்தி கிடையாது. ஹெட்போன் மாட்டி நின்றபடியே பாட்டு கேட்கலாம், அதுதான் என் மதிய இடைவேளை. ஒரே பாட்டை எத்தனை நாள் தவணையில் கேட்டிருக்கிறேன்! லேண்ட்மார்க் புத்தகக் கடை வந்த பிறகு கால்வலி கொஞ்சம் குறைந்தது, தரையில் உட்கார்ந்து புத்தகம் படிப்பவர்களை யாரும் விரட்டவில்லை.

இன்று அந்த இரண்டு பெயருமே சென்னையில் இல்லை. அவற்றை எந்த மாலும் கொல்லவில்லை, பாட்டும் புத்தகமும் போனுக்குள் போய்விட்டன. கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்க வேண்டும்.

11 பிப்ரவரி, பிற்பகல்

தியேட்டர்களை விட்டுவிட்டு மவுண்ட் ரோட்டைப் பேச முடியாது. சஃபையர், புளூ டைமண்ட், எமரால்ட் மூன்றும் ஒரே வளாகம், 1964இல் வந்தது. புளூ டைமண்டில் தொடர் காட்சி. ஒரு டிக்கெட் வாங்கினால் படம் முடிந்து மறுபடி ஓடினாலும் எழுப்ப மாட்டார்கள். வெயிலுக்கு ஒதுங்கித் தூங்குகிறவர்களின் சொர்க்கம் என்று மாமா சொல்வார். ரெப்ரசன்டேட்டிவ் வேலை பார்த்தவர், அவருடைய மதிய ஆபீஸ் அதுதான். 90களில் அது மூடியபோது மவுண்ட் ரோட்டில் இலவசமாகக் குளிர்ந்து உட்கார இடம் எது? ஸ்பென்சர். மாமா மாதிரி ஆட்கள் எல்லாம் எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். ஒருவர் கூடச் சட்டை வாங்கவில்லை.

அலங்கார் இல்லை, வெலிங்டன் இல்லை, கெயிட்டி இல்லை, ஆனந்த் இல்லை. 1961இல் வந்த சாந்தி 2016இல் போனது. தேவி இருக்கிறது. புகாரி இருக்கிறது. ஹிக்கின்பாதம்ஸ் இருக்கிறது, கடவுள் புண்ணியத்தில்.

படம் பார்க்க வருகிறவர் இடைவெளி நேரத்தில் ஸ்பென்சர். ஸ்பென்சர் வருகிறவர் அப்படியே ஒரு படம். ஒன்று போனதும் மற்றதற்கு மூச்சுத் திணறல். ஒரு கட்டடம் தனியாக நொடிக்கவில்லை, தெருவே இளைத்தது.

12 பிப்ரவரி

"தெருவே இளைத்தது" என்று அழகாக எழுதிவிட்டேன், ஆனால் அந்தத் தெருவில்தான் எக்ஸ்பிரஸ் அவென்யூவுக்குத் திரும்புகிற வழியும் இருக்கிறது, அங்கே ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடமில்லை என்று ஒருவர் குட்டியிருக்கிறார். வலிக்கிறது, சரியாகத்தான் குட்டியிருக்கிறார். ஒயிட்ஸ் ரோடு பத்து நிமிஷ நடை. யோசித்துவிட்டு வருகிறேன்.

16 பிப்ரவரி

யோசித்தேன். மெட்ரோவைச் சொல்லலாம். அண்ணா சாலையைப் பல வருஷம் தோண்டிப் போட்டு, போக்குவரத்தைச் சுற்றிவிட்டார்கள். 2017 ஏப்ரலில் சாலையே உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கின, படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்தப் பக்கம் பொழுதுபோக்காகப் போவதை ஜனங்கள் விட்டார்கள். 2019 பிப்ரவரியில் எல்.ஐ.சி. ஸ்டேஷன் திறந்தது. இப்போது ஸ்பென்சருக்குப் போவது எப்போதையும்விடச் சுலபம்! வழி வந்தபோது போக வேண்டிய இடம் இல்லை.

ஆனால் மெட்ரோ எக்ஸ்பிரஸ் அவென்யூவையும்தானே சுற்றிவிட்டது? ஆக இதுவும் பதில் இல்லை. என் வாதத்தை நானே வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

18 பிப்ரவரி

பாய்க்குப் போன் பண்ணினேன். எட்டு வருஷம் கழித்து. எடுத்ததும், "தம்பி, எந்த சைஸ் இப்போ? நாப்பத்திரெண்டா நாப்பத்திநாலா?" என்றார். நான் அங்கே சேர்ந்தபோது முப்பத்தெட்டு.

கடையை விற்கவில்லையாம். விற்கவும் முடியவில்லை, மூடிப் போடவும் மனமில்லை, மூடித்தான் கிடக்கிறது. மகன் கனடா. இவர் மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டிக்கொண்டிருக்கிறார். பத்திரத்தில் யூ.டி.எஸ்., அதாவது மண்ணில் அவருக்குள்ள பிரிக்காத பங்கு, எவ்வளவு என்று கேட்டேன். "மவுண்ட் ரோட்டுல எனக்கு ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு மண்ணு இருக்கு தம்பி, அதுல படுக்கவும் முடியாது, சுருட்டவும் முடியாது" என்றார். பாய்க்கு ஒரு பாய். அவரே சொல்லி அவரே சிரித்தார்.

18 பிப்ரவரி, இரவு 11.30

தூக்கம் வரவில்லை. பாய் சொன்னதிலேயே பதில் இருக்கிறது.

எக்ஸ்பிரஸ் அவென்யூ மாதிரி இடங்களில் கடைகளை விற்பதில்லை. இடம் முழுக்க ஒரே கை. வாடகை, அல்லது விற்பனையில் பங்கு. எந்த மாடியில் எந்தக் கடை, எந்தப் பெரிய கடைக்கு வாடகையைக் குறைத்தால் கூட்டம் வரும், எதைத் தூக்கிவிட்டு எதை வைப்பது, எல்லாம் ஒரு ஆபீஸ் முடிவு செய்யும். சரியாகப் போகாத கடைக்கு அடுத்த வருஷம் இடமில்லை. தரை பழசானால் ஒரே கையெழுத்தில் மாற்றிவிடுவார்கள்.

ஸ்பென்சரில் கடை கடையாக விற்றார்கள். நூற்றுக்கணக்கான பாய்கள். ஒருவர் துபாயில், ஒருவர் இறந்து பிள்ளைகளுக்குள் பாகப் பிரிவினை, ஒருவர் கடையை நாலு பேருக்குக் கைமாற்றி இப்போது யார் சொந்தக்காரர் என்று பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. ஒரு பக்கம் சால்வை, அடுத்தது செல்போன் கவர், அடுத்தது டிராவல்ஸ், அடுத்தது மூடியது. இன்னது இங்கே வரட்டும் என்று சொல்ல யாருமில்லை. ஒரு மாற்றம் செய்ய வேண்டுமானால் அத்தனை பேரும் தலையாட்ட வேண்டும். இடித்துக் கட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, எக்ஸ்பிரஸ் அவென்யூ கொல்லவில்லை. பத்திரப் பதிவு ஆபீஸில் கடைகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்த அன்றே விஷயம் முடிவாகிவிட்டது. இதுதான் என் கட்சி.

19 பிப்ரவரி, காலை 6.00

எழுந்ததும் ஒரு எண்ணம், எழுதிவிடுகிறேன்.

அப்படி விற்றிருக்காவிட்டால் பாய் மாதிரி ஒருவர் மவுண்ட் ரோட்டில் கடை போட்டிருக்கவே முடியாது. பாய் கடை போட்டிருக்காவிட்டால், பிளஸ் டூவில் ஒரு பாடம் போன குரோம்பேட்டைப் பையனுக்கு யார் வேலை கொடுத்திருப்பார்கள்? இன்றைக்குப் பெரிய மால்களில் நிற்கிற பையன்கள் காதில் ஒயரும் மார்பில் பெயர்ப் பட்டையுமாக இருக்கிறார்கள். அவர்களால் ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுக்க முடியுமா? கேட்காதவருக்குத் தாமாகக் குறைக்க முடியுமா? பில் அடிக்கிற மெஷின் சம்மதிக்காது.

நேற்று ராத்திரி அந்தப் பத்திரப் பதிவைத் திட்டினேன். காலையில் அதே பத்திரத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

19 பிப்ரவரி, இரவு

"நீங்கள் கடைசியாக அங்கே எதையாவது வாங்கியது எப்போது?" என்று ஒற்றை வரியில் ஒருவர்.

2006. பெல்ட்.

24 பிப்ரவரி

அந்த ஒற்றை வரி ஐந்து நாளாக உறுத்துகிறது. நான் ஏன் போகவில்லை? ஏனென்றால் போக வேண்டியிருக்கவில்லை. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே போத்தீஸ் வந்தது, சரவணா ஸ்டோர்ஸ் வந்தது. வேளச்சேரியில் 2013இல் ஃபீனிக்ஸ் மால். புறநகர் என்று டவுன்காரர்கள் மூக்கைச் சுளித்த எங்கள் ஊருக்கு டவுனே வந்துவிட்டது. ஆபீஸ்கள் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் போயின. 18ஏ பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் தொங்கிக்கொண்டு போவது அப்போது திருவிழா மாதிரி இருந்தது. அந்தத் திருவிழாவை என் பிள்ளைகளிடம் சொன்னால், "ஒரு சட்டைக்காகவா?" என்கிறார்கள்.

கேள்வி கேட்டவரே, பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2 மார்ச்

சும்மா ஒரு கிளை: எழும்பூர் அல்சா மாலும் ஃபவுண்டன் பிளாசாவும் இதே காலத்து ஆட்கள்தான். அல்சா மால் பெயரைச் சொன்னால் இன்றும் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது வாசலில் விற்கிற சாண்ட்விச். உள்ளே இருந்த கடை ஒன்றுகூட யாருக்கும் நினைவில்லை. கட்டடத்தை நம்புவதைவிட வெண்ணெயை நம்பலாம்.

10 மார்ச்

போய் வந்தேன். மெட்ரோவில் எல்.ஐ.சி. வரை, அங்கிருந்து நடை. செம்மண் நிற முகப்பு அப்படியே நிற்கிறது. உள்ளே சத்தம்தான் இல்லை. முன்பு ஒரு நிலையான இரைச்சல் இருக்கும், காது மரத்துப் போய் அது கேட்கவே கேட்காது. இன்று என் செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது.

முற்றிலும் செத்துவிட்டது என்று சொன்னால் பொய். கைவினைப் பொருள் கடைகள் இருக்கின்றன, தையல்காரர்கள் இருக்கிறார்கள், செல்போன் சர்வீஸ், மேலே ஆபீஸ்கள். நடுக் கூடத்தில் இரண்டு காதல் ஜோடிகள், ஒரு ரெப்ரசன்டேட்டிவ் (பையை மடியில் வைத்துத் தூங்கினார், மாமாவின் வாரிசு). எங்கள் கடை வாசலைக் கண்டுபிடிக்க ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. வாசலில் பதினோரு டைல் அகலம். வியாபாரம் இல்லாத மதியங்களில் எண்ணியது. இன்றும் எண்ணினேன். பதினொன்றுதான்.

எதிர்க் கடைக் காஷ்மீர்க்காரர் இல்லை. அவர் இடத்தில் இருக்கும் இளைஞன் என்னைப் பார்த்ததும் ஒன்றிலிருந்து தொடங்கவில்லை, "டிஸ்கவுண்ட் இருக்கு சார்" என்று நல்ல தமிழில் கூப்பிட்டான்.

பாய்க்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாவியோடு வருகிறேன், நீ பூட்டுக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு வா என்றார்.

17 மார்ச், இரவு

திறந்தோம்.

பூட்டு எண்ணெய்க்கு மசியவே அரை மணி. ஷட்டரைத் தூக்க நான், பாய், எதிர்க் கடை இளைஞன் மூன்று பேர் வேண்டியிருந்தது. பாய்க்கு எழுபத்திரண்டு வயது, நோன்பு வேறு, வேண்டாம் என்றால் கேட்கவில்லை. எனக்கு மட்டும் டீ சொல்லி, நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் இன்னும் ஒன்றுதான்.

அலமாரிகள் காலி. ஒரு அட்டைப் பெட்டியில் பட்டாம்பூச்சிகள், இரண்டு கிலோ இருக்கும், மஞ்சளாகிப் போயிருந்தன. கடைசித் தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு சட்டை. நீலக் கோடு. மடிப்பைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, இது என் கை இல்லை. எனக்குப் பின்னால் வந்த பையன் மடித்தது, ஊசி கோணல். சைஸ் பார்த்தேன். நாற்பத்திநாலு.

"எவ்வளவு பாய்?"

"அறுநூத்தி அம்பது."

"இருநூறு."

சட்டையைத் தட்டில் வைத்துவிட்டார். நான் கிளம்பினேன். முதல் கடை மூடியிருந்தது. இரண்டாவது கடையும் மூடியிருந்தது. மூன்றாவது கடை வாசலுக்குக் கால் வைக்கிறேன், பின்னாலிருந்து சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரிக்கிறார். "மூணாவது கடையில பையன் இல்லையே தம்பி, நான் எதுக்குக் கூப்பிடணும்?"

இருநூற்றிருபத்தைந்துக்கு முடிந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தேன். இடது கையில் பொத்தான் இல்லை.

18 மார்ச்

பொத்தான் கிடைத்தது. உள் தையலில் ஒன்று உபரியாகத் தைத்திருந்தார்கள். எக்ஸ்போர்ட் குவாலிட்டி.